செத்த கம்பனிச் சாமான்

நோர்வேயின் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் பின்பக்கக் கார்த் தரிப்பிடத்தில் கோடைகால வியாழக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு செத்தவீடு நடக்கும். பிணம் இராது, பறை இராது, ஆனால் ஒப்பாரிக்குக் குறைவில்லை. பனி உருகத் தெருவில் கொட்டிய உப்பை ஏப்ரல் மழை கழுவிவிட்டதும், அமெரிக்காவின் பழைய பெரிய கார்களை வைத்திருக்கிறவர்கள் அங்கே வரத் தொடங்குவார்கள். இயந்திரத்தை மூடும் பொனற்றைத் திறந்து வைத்து, மடிக்கிற கதிரைகளைப் போட்டு, தெர்மோஸ் கோப்பியோடு உட்கார்ந்து, செத்துப்போன கம்பனிகளைப் பற்றிக் கதைப்பார்கள். பிளிமத் இரண்டாயிரத்து ஒன்றில் போய்விட்டது. ஓல்ட்ஸ்மொபைல் இரண்டாயிரத்து நாலில். பொன்டியாக் இரண்டாயிரத்துப் பத்தில். அடுத்த வருடமே மெர்குரியும் கண்ணை மூடியது. அவர்கள் சொல்வதைக் கேட்டால், சொந்தச் சித்தப்பாமாரின் திவசம்கூட இவர்களுக்கு இவ்வளவு துப்புரவாக ஞாபகம் இருக்குமா என்று சந்தேகம் வரும்.

குகநேசனுக்கு நிச்சயமாக இராது. ஒஸ்லோவில் மின்சாரப் பஸ் ஓட்டுகிறவன் அவன். பகல் முழுதும் சத்தமே போடாத வண்டிக்குள் இருந்துவிட்டு, ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிற்கும் தன் அறுபத்தெட்டாம் ஆண்டுப் பொன்டியாக் பொனவில்லில் ஏறித் திறப்பைத் திருப்பும்போதுதான் தனக்கு மூச்சே வருகிறது என்பான். கரும்பச்சைக் கார். முன்சீட்டு இரண்டாகப் பிரியாமல் சோபா மாதிரி ஒரே வாங்காக இருக்கும். வளைவில் திரும்பினால் கப்பல் திரும்புகிறது என்று நினைத்துச் சனம் விலகி நிற்கும்.

அந்தக் கூட்டத்தில் தமிழர் இரண்டே பேர். மற்றவன் குலேந்திரன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, கையில் ஒரு வெள்ளை ஓல்ட்ஸ்மொபைல், வாயில் அடங்காத கதை. அந்த வருடத்தின் முதல் வியாழக்கிழமையும் அவன்தான் ஒப்பாரியைத் தொடக்கினான்.

"கடைசி நாளையிலை ஒரே காருக்கு நாலு கம்பனிப் பேரை ஒட்டி வித்தாங்கள் மச்சான். சனத்துக்கு எது எதெண்டு தெரியேல்லை. பிறகு ஆர் வாங்குவினம்?"

"இப்ப வாங்கிறது மட்டும் என்ன காரோ?" என்றான் குகநேசன். "சில்லுப் பூட்டின போன்."

அவர்களைச் சுற்றி மின்சாரக் கார்கள் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பிளிமத் வைத்திருந்த நோர்வேக்காரர், தன் காரின் முன்விளக்கு வளையத்துக்காக மூன்று நாடுகளில் தேடியும் கிடைக்கவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டபடி சொன்னார். குலேந்திரன் கோப்பியை ஊதிக் குடித்துவிட்டு, எல்லாருக்கும் விளங்க நோர்வேஜிய மொழியில் ஒன்றைச் சொல்லி, பிறகு குகநேசனுக்காகத் தமிழிலும் சொன்னான்.

"செத்த கம்பனி சாமான் செய்யாது, கண்டியோ. உன்ரை கார் ஓடவேணுமெண்டால் எங்கையோ இன்னொரு கார் சாகவேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். குகநேசனும் சிரித்தான்.

வீட்டில் அந்தக் காருக்கு வேறு பெயர். மனைவி சிவநாயகி அதைச் 'சின்னவீடு' என்பாள். "சின்னவீட்டுக்குப் போட்டு வாறீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றுவாள். காரை வில்லுங்கோ என்று அவள் சொல்லாத வருடமில்லை. அவன் கேட்ட வருடமுமில்லை. மனைவி சொல் அவனுக்குச் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனால் இயந்திரத்தில் ஒரு துளி சத்தம் மாறினால் அடுத்த அறையில் நித்திரையாக இருந்தாலும் எழும்பிவிடுவான்.

ஆனாலும் அவள் அந்தக் காருக்கு ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். சித்திரை வருடப் பிறப்புக்குக் கோயிலில் வாகனப் பூசை நடக்கும். ஐயர் பொனற்றிலும் ஸ்டியரிங்கிலும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். வீட்டுக்கு வந்த கையோடு குகநேசன், பெயின்ற் பழுதாகிவிடும் என்று எல்லாவற்றையும் துடைத்துவிடுவான். துடைத்த இடத்தில் கண்ணூறு வந்து குந்தும் என்று சிவநாயகிக்குப் பயம். அதனால் அவன் இல்லாத நேரம் பார்த்துக் கீழே இறங்கிப்போய், அவன் கண்ணில் படாத இடங்களில் மோதிர விரலால் சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் ஒற்றிவிடுவாள். விளக்கின் அடி விளிம்பில், பக்கக் கண்ணாடியின் தண்டுக்குக் கீழே, கதவுக் கைபிடியின் உட்பக்கத்தில். அவனுக்கு அது தெரியும். தெரியாதது போல இருப்பான்.

இந்த வருடம் ஒரு அதிசயம் நடந்தது. மகள் அபிஷா துரொண்ட்ஹைமுக்குப் படிக்கப் போய் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. மியோசா ஏரிக்கு வடக்கே ஒரு புல்வெளியில் ஜூலையில் நடக்கும் அமெரிக்கக் கார்த் திருவிழாவுக்கு அவன் வழக்கம் போலத் தனியே புறப்பட ஆயத்தம் செய்தபோது, "நானும் வாறன்" என்றாள் சிவநாயகி.

"நீரோ?"

"ஏன், சின்னவீடு என்னை ஏத்தாதோ? அவ்வளவு தூரம் இருந்தால் நாரி நோகும், அதுதான் ஒரு யோசினை. முன்சீட்டுக்கு ஒரு தலையணை தைச்செடுக்கிறன்."

குகநேசனுக்கு வந்த சந்தோசத்தை அவன் வெளியே காட்டவில்லை. ஆனால் அடுத்த நாள் பஸ் ஓட்டும்போது தன்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். சிவநாயகி தன் பழைய நீலச் சீலையில் துண்டு வெட்டி, மஞ்சள் கரை வைத்து, தையல் மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாகத் தைக்கத் தொடங்கினாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இரண்டு வேலைக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில்தான் தையல்.

அந்த நாட்களில்தான் ஒட்வாரின் செய்தி வந்தது. பழைய கார்க்காரர் சாமான் தேடும் இணையப் பக்கத்தில், அறுபத்தெட்டாம் ஆண்டுப் பொனவில்லுக்கு எது கிடைத்தாலும் எடுப்பேன் என்று குகநேசன் எப்போதோ போட்டு வைத்திருந்தான். ஒட்வார் என்பவர் எய்ட்ஸ்வோல் பக்கத்துக் கமக்காரர். தன்னிடம் அதே வருடத்து அதே கார் ஒன்று உடைந்து கிடக்கிறது என்றும், சாமான்களைக் கழற்றிச் சும்மாவே அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தார். என்ன நிறம் என்று குகநேசன் கேட்டான். கரும்பச்சை என்று பதில் வந்தது. இப்போதைக்கு ஒன்றும் தேவையில்லை, தேவை வந்தால் சொல்கிறேன் என்று இவன் எழுத, அவர் எழுதினார்: இடது பின்விளக்குக் கண்ணாடி உனக்குத் தேவைப்படும்.

இதென்ன விசர் மனுசன் என்று குகநேசன் நினைத்தான். ஆனால் செத்த கம்பனிச் சாமானைச் சும்மா தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் நெஞ்சு வராது. கடைக்குள் இருக்கிற தபால் மேசையில் பார்சலை எடுத்துவந்து குசினி மேசையில் பிரித்தான். நல்ல சிவப்பு, ஒரு கீறல் இல்லை. தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் அடி விளிம்பைக் கண்டான். காய்ந்த சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

"இஞ்சை வாரும்," என்று சிவநாயகியைக் கூப்பிட்டான். "இதிலை நீரோ பொட்டு வைச்சனீர்?"

அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தாள். "என்ரை கைப் பொட்டு மாதிரித்தான் கிடக்கு. ஆனா இதை நான் இப்பத்தானே காணுறன். ஆரும் எங்கடை ஆக்கள் வைச்சிருந்த காராக்கும்."

நோர்வேயில் பொனவில் வைத்திருந்த வேறு தமிழன் யார்? குலேந்திரனிடம் கேட்டான். அவனுக்குத் தெரியாத தமிழனும் இல்லை, தெரியாத காரும் இல்லை. அப்படி ஒருவரும் இல்லை என்று அடித்துச் சொன்னான். அதற்கு அடுத்த கிழமை, சாப்பாடு கொண்டுவந்த ஒரு சைக்கிள்காரர் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றுமில்லை. பொன்டியாக்கின் இடது பின்விளக்குக் கண்ணாடி மட்டும் நொறுங்கிப் போயிருந்தது.

குகநேசன் பார்சலில் வந்த கண்ணாடியை எடுத்துப் பூட்டினான். தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். 

இரண்டாவது பார்சல் கேட்காமலே வந்தது. இடது பக்கக் கண்ணாடி. தண்டுக்குக் கீழே பொட்டு. குகநேசன் அதைக் கண்டதும் தன் காரை வெளியே எடுக்கவில்லை. ஆனால் ஹவுகெட்டோவில் இருக்கும் தங்கச்சி வீட்டில் ஒரு பிறந்தநாள். நல்ல வெயில். வெயிலைக் கண்டால் குகநேசனின் உறுதி வெண்ணெய் மாதிரி. போனான். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். இடது பக்கக் கண்ணாடி தரையில் கிடந்தது. ஒரு சிறுமி அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அவன் பரவாயில்லை என்று அவள் தலையைத் தடவிவிட்டுக் காரில் ஏறினான். 

வியாழக்கிழமை எல்லாவற்றையும் குலேந்திரனிடம் சொன்னான். குலேந்திரன் முதலில் சிரித்தான். பிறகு எழும்பிப் போய்ப் பொன்டியாக்கைச் சுற்றி வந்து, குனிந்து விளக்கைப் பார்த்தான்.

"உன்ரை காரிலை இருந்த கண்ணாடி உடைஞ்சிட்டுது. அவற்றை காரிலை இருந்தது வந்து இதிலை பூட்டியாச்சு. ரெண்டிலையும் உன்ரை மனுசியின்ரை பொட்டு." அவன் நிமிர்ந்தான். "ரெண்டு காரும் ஒரே கார் எண்டால், இந்தக் கண்ணாடியை ஆரடா செய்தது? இஞ்சை பூட்டினது அங்கை போய், அங்கையிருந்து இஞ்சை வந்து, சும்மா சுத்திச் சுத்தியெல்லோ வருது."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"எனக்கும் விளங்கேல்லை. செத்த கம்பனியின்ரை சாமானைத்தான் சொல்லுறன்." அன்றைக்கு அவன் வேறு பகிடி ஒன்றும் விடவில்லை.

மூன்றாவது பார்சலில் வந்தது முன்பெட்டியின் மூடி. இருக்கைக்கு முன்னால், கையுறையும் கடதாசியும் போட்டு வைக்கிற சின்னப் பெட்டியின் மூடி. அபிஷா சிறுபிள்ளையாக இருந்தபோது, அதைத் திறந்து திறந்து சாத்தி அதன் கொளுக்கியை உடைத்துவிட்டாள். அப்போது புதுக் கொளுக்கி எங்கும் கிடைக்கவில்லை. குகநேசன் தக்காளிச் சாற்றில் போட்ட மக்கரல் மீன் தகர ரின் ஒன்றைக் கழுவி, அதன் மூடியில் ஒரு பட்டி வெட்டி, வளைத்து, இரண்டு ஆணி அடித்துச் சரிக்கட்டினான். ஒரு ஆணி சரிந்து போய்விட்டது. அதைப் பார்க்கும் போதெல்லாம் அவனுக்கு ஒரு வெட்கம். வேறு எவனும் அப்படி ஒரு வேலையைச் செய்து வைக்கமாட்டான்.

பார்சலில் வந்த மூடியில் மக்கரல் ரின் பட்டி இருந்தது. ஒரு ஆணி சரிந்திருந்தது.

அவன் அதைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான். பொன்டியாக்கின் கதவைத் திறந்து இரண்டு மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். தகரத்தில் மீன் படத்தின் வால் வெட்டுப்பட்ட இடம்கூட ஒன்று. வந்த மூடியில் மட்டும், நடுவால் ஒரு வெடிப்பு ஓடியது. நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் மின்சாரக் கார்கள் பச்சை விளக்கு மினுங்க வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு சத்தமுமில்லை. தன் மூச்சே தனக்கு அந்நியமாகக் கேட்க, மூடியை எடுத்துக்கொண்டு அவன் மேலே போய்விட்டான். பல்கனித் தட்டில், பழைய பெயின்ற் ரின்களுக்குப் பக்கத்தில் அதை வைத்தான்.

அடுத்த லீவு நாளில் எய்ட்ஸ்வோலுக்கு ரயிலில் போனான். பொன்டியாக்கை எடுக்க மனம் வரவில்லை. புறப்படும்போது பார்த்தான், நீலத் தலையணை மெஷினின் ஊசிக்குக் கீழே பாதியில் நின்றது. ஒரு பக்கம் திறந்தபடி, இழுத்துப் பூட்டுகிற சிப் இன்னும் வைக்கவில்லை.

ரயிலடியில் எடுத்த பஸ்ஸால் இறங்கி வயல்களுக்கு நடுவே நடந்தான். ஜூன் மாதத்து வெயில் அசையாமல் நின்றது. ஒட்வார் வீட்டு வாசலிலேயே நின்றார். எழுபது தாண்டிய, நெட்டையான மனிதர். இவனைக் கண்டதும் முன்பின் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

"தலைக்குக் கறுப்படித்திருக்கிறாய்," என்றார் நோர்வேஜிய மொழியில். "நல்லது. உடம்பும் தேறிவிட்டது."

"நாங்கள் இதற்கு முதல் சந்தித்ததில்லையே," என்றான் குகநேசன்.

ஒட்வார் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு வைக்கோல் கொட்டிலை நோக்கி நடந்தார். பெரிய கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார்.

உள்ளே குகநேசனின் கார் நின்றது. வேறு எப்படிச் சொல்வது? பெற்ற பிள்ளையைப் பின்பக்கம் பார்த்தே தகப்பனுக்குத் தெரியாதா? கரும்பச்சை. பின் பம்பரில் அவன் ஒரு குளிர்காலத்தில் தட்டி நிமிர்த்திய நெளிவு. இடது பின்விளக்கு இருந்த இடம் குழியாகக் கிடந்தது. இடது பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு துளை. அவன் மெதுவாக முன்னுக்குப் போனான். ஓட்டுகிறவர் பக்கம் அப்படியே இருந்தது. மற்றப் பக்கம் இல்லை. கதவும் தகடும் கூரையும் உள்ளே மடிந்து, முன்சீட்டின் பாதிவரை வந்து நின்றன.

சீட்டில் ஒரு நீலத் தலையணை இருந்தது. மஞ்சள் கரை. அவன் குனிந்து கையை நுழைத்து அதைத் தொட்டான். நான்கு பக்கமும் தைத்து முடிந்திருந்தது. சிப் வைத்திருந்தது. துணியில் பெரிதாக ஒரு கறை, காய்ந்து மொரமொரவென்று இருந்தது.

குகநேசன் காரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். வாழ்நாளில் ஒரு முறைகூட இவ்வளவு பயந்ததில்லை. ஊர் யுத்தத்துச் செல்லடியிலும் இப்படிப் பயந்ததில்லை.

"இது யாருடைய கார்?" என்று கேட்டான்.

"போன இலையுதிர் காலம் நீதான் இழுவை வண்டியில் கொண்டுவந்தாய்," என்றார் ஒட்வார். "நீ இல்லையென்றால் உன் முகத்தோடு வேறொருவன். தலை முழுக்க வெள்ளை. எலும்பும் தோலுமாக இருந்தான். தலையணையை எடுக்க விடவில்லை. அதை எடுக்காதே, அது இருக்கட்டும் என்று அழுதான்."

"போன இலையுதிர் காலம் இந்தக் கார் என்னிடம்தான் நின்றது. இப்பவும் நிற்கிறது."

"எனக்கு அது விளங்காது. அவன் சொன்னதைச் சொல்கிறேன். ஒருவன் இந்தக் காருக்குச் சாமான் தேடுவான். அவனுக்கு வாயால் சொன்னால் ஏறாது, பெண்சாதி சொல்லியே கேட்காதவன், சாமான் வந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பான், ஒவ்வொன்றாக அனுப்பு என்றான். கடைசியில் அவனே தேடி வந்தால், முன்சீட்டைக் காட்டு என்றான்." ஒட்வார் கதவடிக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றார். "காட்டிவிட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது தையல் மெஷின் சத்தம் கதவுக்கு வெளியிலேயே கேட்டது. சிவநாயகி சிப் வைத்துக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தலையணையை உதறி நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, முடிஞ்சுது. ஒருக்கா சாய்ஞ்சு பாருங்கோ, உயரம் காணுமோ எண்டு."

அவன் அதைத் தொடவில்லை. "நாங்கள் போகேல்லை," என்றான்.

"எங்கை?"

"ஏரிக்கு. நீர் வரவேண்டாம். நானும் போகேல்லை. காரைக் குடுக்கப்போறன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கோபம் வர முதல் அவளுக்கு வந்தது அவமானம். "இவ்வளவு காலமும் நான் வரமாட்டன் எண்டனான். ஒருநாள் ஓமெண்டு சொன்னாப் போல உங்களுக்கு வேண்டாமாப் போச்சு. உங்கடை ஆக்களுக்கு முன்னாலை என்னை இறக்க வெக்கமோ?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், ஒரு தலையணையைப் பற்றிச் சொல்லவேண்டும், அந்தக் கறையைச் சொல்லவேண்டும். அதை அவள் காதில் போடுவதைவிட அவள் தன்னை வெறுப்பது நல்லது என்று நினைத்தான்.  அவள் தலையணையைத் தூக்கி அலுமாரிக்குள் எறிந்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

காரைப் பூட்டி வைத்தால் போதாதா என்று யோசித்தான். போதாது. அவனுக்கு அவனைத் தெரியும். ஒரு நல்ல வெயில் நாள் வந்தால் போதும், திறப்பு கையில் இருக்கும். விற்றால், வாங்குகிறவனுக்கும் ஒரு மனைவி இருப்பாள், அவளும் முன்சீட்டில்தான் இருப்பாள். உடைத்துச் சாமானாக விற்றால் அதில் ஒன்று போய் இன்னொரு காரில் ஏறும். அந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்றே ஒருவருக்கும் தெரியாதபோது, அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

காரை முழுதாய் நசுக்கக் கொடுக்கப் பதிந்த செய்தி குலேந்திரனுக்குப் போய்விட்டது. அன்று மத்தியானமே வந்து நின்றான்.

"டேய், நசுக்கக் குடுக்கிறாயாம். உண்மையோ?"

"ஓம்."

"உனக்கென்ன விசரோ? இனி இந்தக் கார் ஒண்டு பிறக்குமோடா? வேண்டாமெண்டால் எனக்குத் தா. நான் வைச்சிருக்கிறன். இல்லாட்டில் கதவுகளையாவது தா, கிறிலையாவது தா. எத்தினை பேர் ஒரு ஆணிக்கு நாயாய் அலையிறாங்கள்."

"ஒரு ஆணியும் தரமாட்டன்."

"நான் கும்பிட்டுக் கேக்கிறன்."

குகநேசன் அவனைப் பார்த்தான். குலேந்திரனுக்கும் மனைவி இருக்கிறாள், ஷரோன், கலகலவென்று சிரிக்கிறவள். "தரமாட்டன் மச்சான். இனிக் கேளாதை," என்றான்.

இழுவை வண்டியை அவனே கூப்பிட்டான். ஏற்றும்போது ஒருவரையும் உள்ளே ஏற விடவில்லை, தானும் ஏறவில்லை. வண்டி முன்னால் போக, பஸ்ஸில் பின்னால் போனான். பழைய இரும்பு நொறுக்கும் இடத்தில் வேலிக்கு வெளியே குலேந்திரனும், பிளிமத்காரரும், இன்னும் இரண்டு மூன்று பேரும் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். உண்மையான செத்தவீடு. இரும்புக் கை கூரையைக் கவ்வியது. கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. பொன்டியாக் என்று எழுதியிருந்த வெள்ளி எழுத்துகள் கழன்று சேற்றில் விழுந்தன. ஒரு மனிதர் குனிந்து அதில் ஒன்றை எடுக்கப் போனார். குகநேசன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, அதை வாங்கி, நொறுங்கியதற்குள்ளேயே திரும்ப எறிந்தான்.

"நீ மனுசனில்லையடா," என்றான் குலேந்திரன். அதுதான் அவன் குகநேசனோடு கதைத்த கடைசிக் கதை.

வீட்டுக்கு வந்து பல்கனிக்குப் போனான். மற்ற மூடியையும் எறிந்துவிட வேண்டும். பெயின்ற் ரின்களுக்குப் பக்கத்தில் மூடி இல்லை. அது இருந்த இடம் மட்டும் தூசி படாமல் நீட்டுச் சதுரமாகத் தெரிந்தது. சிவநாயகியைக் கேட்டான். தான் தொடவில்லை என்றாள். எய்ட்ஸ்வோலுக்குப் போன் எடுத்தான். ஒட்வார்தான் எடுத்தார், அதே குரல். ஆனால் அவருக்கு இவனைத் தெரியவில்லை. கார் ஒன்றும் தன்னிடம் இல்லை, தன் கொட்டிலில் வைக்கோல்தான் இருக்கிறது, வேறு யாரையோ நினைத்து அழைத்திருக்கிறாய் என்று மரியாதையாகச் சொன்னார்.

"தலை வெள்ளையாய் ஒரு மனிதர் வரவில்லையா? என்னைப் போல?"

"யாரும் வரவில்லை," என்றார் அவர்.

ஜூலை வந்தது. ஏரிப் பக்கம் திருவிழா நடந்தது. குகநேசனும் சிவநாயகியும் வீட்டில் இருந்தார்கள். போகிற வழியில் எங்கேனும் விபத்து என்று செய்தி வருமோ என்று அவன் போனைப் பார்த்தபடி இருந்தான். ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை பின்னேரம் சிவநாயகி வேலையால் வந்து, செருப்பைக் கழற்றி, நாரியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கிழவி இண்டைக்கும் என்னைக் கிள்ளிப்போட்டா," என்று சொன்னாள். அவளது அந்த நொந்த குரலைக் கேட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். கண் கலங்கிப் போயிருந்தது.

அவன் மனதை அரித்தது வேறொன்று. அந்த வெள்ளைத் தலைக்காரன். தலையணையை எடுக்கவிடாமல் அழுதவன். சிவநாயகியைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்து, நொறுங்கிய காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வரப்போகிற காலத்திலிருந்து எப்படியோ வழி தேடி, இவனுக்காக வந்தவன். வந்த காரியம் முடிந்தது. கார் இல்லை, விபத்து இல்லை, அப்படியானால் அவனும் இல்லை. அவன் பட்ட துக்கம் எங்கே போயிற்று? அதை யார் அழுது முடிப்பது? தனக்கு நடக்காத ஒரு சாவுக்காகக் குகநேசன் பஸ் ஓட்டும்போதெல்லாம் நெஞ்சடைத்துப் போனான். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் கடைசிச் சீட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. யாராவது வெள்ளைத் தலையோடு இருந்துவிடுவாரோ என்றல்ல, இருக்கமாட்டார் என்பதற்காக.

ஆடி அமாவாசை வந்தது. கோயிலில் இறந்தவர்களுக்கு மோட்ச அர்ச்சனை. சனம் நிரம்பி வழிந்தது. சிவநாயகி தன் தகப்பனுக்காகத் தட்டு எடுத்தாள். வரிசையில் நின்றார்கள். அவள் இன்னும் அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பது குறைவு. அவளுடைய முறை முடிந்ததும், குகநேசன் தானும் ஒரு தட்டை நீட்டினான்.

"இறந்தவற்றை பேர்?" என்று கேட்டார் ஐயர், நிமிராமல்.

"குகநேசன்."

"உங்கடை பேரில்லை. இறந்தவற்றை பேர் சொல்லுங்கோ."

"அவற்றை பேரும் அதுதான் ஐயா."

சிவநாயகி திரும்பிப் பார்த்தாள். அவன் வம்சத்தில் அந்தப் பெயரில் வேறொருவரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஐயர் இப்போதுதான் நிமிர்ந்தார். பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது.

"உங்களுக்கு என்ன முறை?"

"முறையெண்டு சொல்லத் தெரியேல்லை. அவருக்கு வேறை ஒருத்தரும் இல்லை. மனுசியும் முந்திச் செத்துப்போச்சு. அதுக்குப் பிறகு நல்லாய்க் கஸ்ரப்பட்டவர். நான்தான் செய்யவேணும்."

"அப்ப மனுசியின்ரை பேரையும் சொல்லுங்கோ. ரெண்டு பேருக்கும் சேர்த்துச் செய்துவிடுவம்," என்றார் ஐயர்.

குகநேசன் வாயைத் திறந்தான்.  பக்கத்தில் சிவநாயகி, கையில் தட்டோடு, நெற்றியில் திருநீறோடு, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு விடுவது அவனுக்குக் கேட்டது. அவன் உடைந்து அழத் தொடங்கினான். சனத்துக்கு நடுவே, வெட்கமில்லாமல், குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"வேண்டாம் ஐயா," என்றான். "அவ இருக்கிறா."

ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவர் மணியைக் கையில் எடுத்துக் குகநேசன் என்ற பெயரைச் சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார். சிவநாயகி தட்டை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.